அஞ்சு போல்ட்டுக்கு ஆறு ஓட்டை

1

இந்தக் கதை ஓர் இரும்புத் தட்டிலிருந்து வந்தது. பின்னால் யாராவது கண்டுபிடித்து "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய ஜீப். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குகிற வண்டி என்பது கண்ணாடி வரைக்கும் தெறித்திருந்த சேற்றைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும். இதில் கதவில் இல்லை. பம்பரிலிருந்து ஓர் இரும்புக் கை முளைத்து, அதன் நுனியில் ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டில்தான் சக்கரம் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தின் நடுத் துவாரத்தின் வழியே தட்டு கொஞ்சம் தெரிந்தது. அதில் எந்த போல்ட்டும் இல்லாத ஓட்டைகள், பாதி மறைந்து, பிறை பிறையாக.

பிடிக்க ஒன்றும் இல்லாத ஓட்டைகளை யார் மெனக்கெட்டுப் போடுவார்கள்? யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டியபோதுதான் விளக்கு பச்சையானது தெரிந்தது. ஜீப் போய்விட்டது. ஓட்டியது ஆணா பெண்ணா என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆக, நான் பார்த்தது தட்டு. மற்றதெல்லாம் நான் சொல்வது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "பட்டறையின் தகரக் கூரையில் காலை வெயில் பட்டுத் தெறித்தபோது அவள் நெற்றியில் வியர்வை"

(இங்கேயே நிறுத்திவிட்டேன். கூரையில் வெயில் தெறிக்காத பட்டறையை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் எழுதிப் பார்க்கலாம் என்று அந்தக் காலை நேரத்துக்கு மேகமூட்டம் போட்டுவிட்டேன்.)

இரண்டாவது: "மனிதர்களும் சக்கரங்களைப் போலத்தான். ஒருவருடைய ஓட்டை இன்னொருவருடைய போல்ட்டுக்கு"

(என் தங்கை இதுவரை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "அக்கா, இத வெளியில யார்கிட்டயும் காட்டாத" என்றாள். சரி. சக்கரம் சக்கரமாகவே இருக்கும். வாக்குக் கொடுக்கிறேன்.)

மூன்றாவது நிலைத்துவிட்டது. அது இதுதான்.

3

ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது வாலு வெல்டிங் முகமூடியைக் கழற்றவில்லை. உள்ளே இருந்தபடியே வண்டியைத் தெரிந்துகொண்டாள். அண்ணனும் அண்ணியும் சேர்ந்து வாங்கிய வண்டி. வாங்கிய அன்றைக்கு "முதல்ல நான்தான்" என்று அடம்பிடித்து ஒரு ரவுண்டு ஓட்டியவள் அவள்.

வாலு என்பது வீட்டில் விழுந்த பெயர். சின்ன வயதில் கடிகாரம், ரேடியோ, தையல் மிஷின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிரித்துப் போட்டதால் வந்தது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். சொந்தப் பட்டறை. கேட், கிரில், டிரெய்லர் கொக்கி என்று ஊரில் பாதி இரும்பு அவள் கை பட்டது. தலைமுடி நரைத்தாலும் பெயர் நரைக்கவில்லை.

வண்டியிலிருந்து இறங்கியவர் மாட்டு டாக்டர். வாலுவின் அண்ணன் மனைவி. போன வருடம் மலைமேல் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர். அண்ணன் கூடப் போகவில்லை. அன்றிலிருந்து இந்த இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

இங்கேதான் எனக்கு முதல் சிக்கல். நம் மொழியில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பதென்றாலும் எதிரில் நிற்பவர் நமக்கு யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்க முடியும். நீயா, நீங்களா? தா என்பதா, தாங்க என்பதா? டாக்டர் அவளை எப்போதும் "நீ, வா, வாலு" என்றுதான் கூப்பிடுவார். இவள் "அண்ணி, நீங்க" என்பாள். இப்போது அண்ணி என்று கூப்பிட்டால் உறவு நிற்கிறது என்று ஆகும். கூப்பிடாவிட்டால் போய்விட்டது என்று ஆகும். வாசலில் நின்றபடி அதை யார் தீர்மானிப்பது?

ஆனால் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

"கொஞ்சம் வேலை ஆகணும். இப்ப முடியுமோ என்னவோ."

"முடியும். என்ன ஆகணும்?"

"ஸ்டெப்னி. மாட்ட வரல."

"எங்க, பாக்கலாம்."

கவனித்தீர்களா? இந்தப் பேச்சில் ஆளே இல்லை. ஆகணும், முடியும், வரல, பாக்கலாம். சண்டை போட்டவர்களுக்கென்றே யாரோ ஒதுக்கி வைத்த வினைச்சொற்கள்.

வாலு பின்கதவைத் திறந்தாள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பெரிய சக்கரம், கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. நல்ல அகலம். நல்ல கனம். இந்த வண்டியின் சக்கரம் இல்லை.

"இது எங்கேர்ந்து வந்துது டாக்டர்?"

டாக்டர் என்ற சொல்லை அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அது எங்கே போய்ப் பட்டது என்று பார்த்தாள். எதிரே நின்றவர் ஒரு கணம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அப்புறம் பேசினார்.

மலையில் ஆக்சில் உடைந்துபோனது. அங்கே இருந்த மெக்கானிக், கழித்துப்போட்ட வேறொரு வண்டியின் ஆக்சிலை முன்னும் பின்னும் எடுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டி முன்னைவிட நன்றாக ஏறுகிறது. ஆனால் அந்த ஆக்சிலுக்கு ஆறு ஓட்டைச் சக்கரம். கதவில் இருக்கும் ஸ்டெப்னி ஸ்டாண்டுக்கு அஞ்சு போல்ட். அதனால் ஸ்டெப்னி வண்டிக்குள் வந்துவிட்டது.

"கட்டித்தான் வெச்சிருந்தேன். ஒரு இறக்கத்துல அவுந்துடுச்சு."

அவுந்து எதில் போய் இடித்தது என்று அவர் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்க்கக் கையைத் தூக்கியபோது இடது கை தோளுக்கு மேலே போகாமல் நின்றதை வாலு பார்த்தாள். கேட்கவில்லை.

"வேற எங்கயும் கேக்கலயா?"

"ரெண்டு எடத்துல கேட்டேன். கூரை மேல போட்டுக்கங்கன்னாங்க. மேல ஏத்த ஆள் வேணும். நான் தனியாத்தானே"

(இந்த அரைகுறை வாக்கியம் என்னுடையது இல்லை. அவருடையது. அவரே நிறுத்திக்கொண்டார்.)

கை நிறைய வேலை இருக்கிறது, வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல வாலு வாயைத் திறந்தாள். அந்தப் பொய் உதடு வரை வந்துவிட்டது. ஆனால் கண் அதற்குள் சக்கரத்துக்குப் போய்விட்டது. ஆறு ஓட்டை. அதுவும் அகலமான வட்டத்தில். ஸ்டாண்டில் அஞ்சு போல்ட், குறுகலான வட்டத்தில். ஒன்றை ஒன்றோடு சேர்க்க என்ன வழி? நடுவில் ஒரு தட்டு போட்டால்?

பிரித்துப் பார்க்கும் புத்தி அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது. "உள்ள விடுங்க வண்டிய" என்றாள்.

4

[அடைப்புக்குள் ஒரு விஷயம். டாக்டர் ஏன் போனார்? இதை எழுதாமல் கதையை நகர்த்த முடியாது என்று நினைத்து, அண்ணனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன், அவன் ஒத்துழைக்கவில்லை. டாக்டரைப் பேராசைக்காரராக்கிப் பார்த்தேன். மாட்டுக்குப் பிரசவம் பார்க்க நடு மழையில் போகிறவரிடம் அது ஒட்டவில்லை. வாலுவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வீட்டில் மாற்றலைப் பற்றி ரொம்ப நாள் சண்டை நடந்தது. பிறகு ஒருநாள் சண்டை நின்றுவிட்டது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். அடுத்த வாரம் டாக்டர் பெட்டியை எடுத்துவிட்டார். அண்ணனிடம் கேட்டால் "அவகிட்டயே கேளு" என்றான். அவரிடம் கேட்க வாலுவுக்கு ரோஷம். ஒரு கியர் பாக்ஸை ஒரு மத்தியானத்தில் பிரித்து மேஜையில் பரப்பிவிடுகிறவளுக்கு, இந்த ஒன்றை எங்கே ஸ்பேனர் போட்டுத் திறப்பதென்று தெரியவில்லை.]

5

சக்கரத்தின் நடுப்பகுதியில் கிரீஸைத் தடவி, அதன் மேல் ஒரு அட்டையை வைத்து அழுத்தினாள் வாலு. எடுத்தபோது ஆறு கறுப்பு வட்டங்கள். அட்டையைக் கொண்டுபோய் ஸ்டாண்டின் அஞ்சு போல்ட்டு மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றைப் பொருத்தினால் மற்ற எல்லாம் விலகி நின்றன. திருப்பினாள். இன்னும் திருப்பினாள். பல் வலிக்காரரின் வாயைப் பார்ப்பதுபோல டாக்டரும் குனிந்து பார்த்தார்.

"ஓட்டை மட்டும் இல்ல பிரச்சனை" என்றாள் வாலு, பாதி தனக்கே. "பழைய வீலு நடுவுல உள்ள குழிஞ்சிருக்கும். இது அப்படி இல்ல. டயரு போய்க் கதவுல முட்டும், நடுப்பகுதி ஸ்டாண்டத் தொடவே தொடாது."

"அப்ப?"

"ரெண்டு பிளேட்டு. நடுவுல ஒரு கனமான பைப்பு. கால் குட்டையா ஒரு ஸ்டூல் மாதிரி. உள்பக்கப் பிளேட்டுல அஞ்சு ஓட்டை, அது ஸ்டாண்டோட போயிடும். வெளிப்பக்கப் பிளேட்டுல ஆறு போல்ட்டு, அதுல வீலு உக்காரும்."

"நல்லாருக்கே" என்றார் டாக்டர். முகஸ்துதிக்குச் சொன்னதில்லை. அவர் குரலில் நிஜமான ஆசை இருந்தது, அது எப்படி வரப்போகிறது என்று பார்க்கும் ஆசை. வாலு அந்தக் குரலை மறந்துபோயிருந்தாள். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், இவர்கள் இரண்டு பேரும் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு ராத்திரிச் சமையலையே மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. டாக்டர் எதிர்க்கடைக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். பேசியது அண்ணன்.

"வண்டி உன் பட்டறையில நிக்குதாமே?"

"யார் சொன்னா?"

"போறவன் வர்றவன் எல்லாம் சொல்றான். என்ன வேலை?"

"ஸ்டெப்னி ஸ்டாண்டு. வீலு மாறிடுச்சு."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பின்கதவு மேல் கீலு வீக்கு. தகரம் துருப்பிடிச்சதுன்னு ஒரு தடவ நான்தான் ஒட்டுப் போட்டேன். பாத்து மாட்டு."

"எனக்கு வேலை சொல்லித் தரியா?"

"சரி, சரி." வைத்துவிட்டான்.

(முதல் பிரதியில் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டான். என் தங்கைதான் தடுத்தாள். "ரெண்டு பேரும் இப்பத்தான் பைப்பு, பிளேட்டுன்னு பேச்ச ஆரம்பிச்சிருக்காங்க. அவன எதுக்குக்கா உள்ள விடற? போன்லயே நிறுத்து." நிறுத்திவிட்டேன். ஆனால் போனில் அவன் கீலைப் பற்றிப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வசைபாட வருகிறான் என்றுதான் நினைத்து எழுத ஆரம்பித்தேன்.)

டாக்டர் தண்ணீரோடு வந்தார். போன் வந்ததை வாலு சொல்லவில்லை. கீலைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அண்ணன் சொன்னான் என்பதற்காகவே பார்க்கவில்லை.

6

மத்தியானத்துக்குள் ஸ்டூல் தயார். சக்கரம் ஏறி உட்கார்ந்தது. ஆறு நட்டும் இறுகின. கதவிலிருந்து ஒரு முழம் வெளியே தள்ளி நின்றதே தவிர, பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. வாலு வண்டியை எடுத்துக்கொண்டு கல்குவாரிப் பாதையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குலுக்கின குலுக்கலில் அவளுக்கே குடல் இடம் மாறியது. சக்கரம் அசையவில்லை.

"எப்படி?" என்று இறங்கினாள். முகத்தில் அத்தனை பெருமை.

டாக்டர் பார்க்க வந்தார். பின்கதவின் பிடியைத் திருகி இழுத்தார். கதவு திறந்தது. திறந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேல்கீல் இருந்த இடத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

"அண்ணி, கால எடுங்க!"

டாக்டர் எடுத்துவிட்டார். சக்கரத்தோடு கதவு வந்து, அவர் கால் இருந்த இடத்தில் மண்ணில் குத்தி நின்றது.

"எடுத்துட்டேன், வாலு. எடுத்துட்டேன்."

இந்த இடம் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானும்தான். அதனாலேயே இதை வராமல் தடுக்கப் பார்த்தேன். "பாத்து!" என்று மட்டும் கத்தவைத்தேன், "ஐயோ" போட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. கால் நசுங்கப் போகிற ஒருவரை டாக்டர் என்று கூப்பிட நேரம் எங்கே இருக்கிறது? நாக்கில் எது மேலாக இருக்கிறதோ அதுதான் வரும். வந்ததற்கு இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதைப் பெரிதாக்காமல் விடுகிறேன்.

பெரிதாக்க வேண்டியது அடுத்து நடந்தது.

வாலு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் வேலை தன் கண்ணெதிரே கிழிந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கிட்டே போய், கீல் பெயர்ந்த இடத்தை விரலால் தடவினார்.

"உன் வெல்டு அப்படியே இருக்கு. சுத்தி இருக்கற தகரம்தான் கிழிஞ்சிருக்கு."

"தெரியும்."

"மாட்டுக்கு வயித்துல பெரிய காயம்னா, வெறும் தோலப் பிடிச்சுத் தைச்சுட்டா பாக்கறதுக்கு அழகா இருக்கும். எழுந்து நாலடி நடந்ததும் பிச்சுக்கும். உள்ள கெட்டியா இருக்கறதோட சேத்துப் பிடிக்கணும்."

வாலு நிமிர்ந்தாள். "கதவு தோலு" என்றாள் மெதுவாக. "அடிச்சட்டம் இருக்கே, சேசிஸ், அதுல பிடிக்கணும். கதவுல மாட்டவே கூடாது." எழுந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். அங்கே படுத்தபடியே, முகம் தெரியாத வசதியில், சொல்லிவிட்டாள்.

"அண்ணன் சொன்னான். மேல் கீலு வீக்குன்னு. நான்தான் கேக்கல."

வண்டிக்கு அடியிலிருந்து அவளுக்கு டாக்டரின் செருப்புகள் மட்டும்தான் தெரிந்தன. அவை அசையவில்லை.

"எப்ப பேசினாரு?"

"காலைல. நீங்க கடைக்குப் போயிருந்தப்ப."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல. பாத்து மாட்டுன்னான்."

செருப்புகள் கொஞ்சம் திரும்பின. பிறகு தெருவைப் பார்த்து நின்றன. அப்போது அந்த முகத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நானும் வாலுவோடு வண்டிக்கு அடியில்தான் இருந்தேன்.

7

அன்று ராத்திரி டாக்டர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினார். சொந்த வீடு நடக்கிற தூரத்தில் இருந்தது. "எங்க தங்குவீங்க?" என்று வாலு கேட்டிருக்கலாம். மறுநாள் வரும்போது கையில் லாட்ஜ் சோப்பு வாசனையோடு வந்தார், அதில் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் வேலை வேகமாக நடந்தது. பின்பம்பருக்குக் கீழே சேசிஸோடு சேர்த்து ஒரு கனமான பைப்பை நட்டு, அதில் கழித்துப்போட்ட வண்டியின் பேரிங் இரண்டை வைத்து, ஓர் இரும்புக் கையைச் சுழல விட்டாள் வாலு. கதவைத் திறக்க வேண்டுமானால் கையை ஒதுக்கினால் போதும். சக்கரம் அதோடு போய்விடும். மூடினால் மறுமுனையில் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். கதவின் மேல் ஒரு துளி பாரம் இல்லை. கிழிந்த தகரத்தை வெட்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து, கீலையும் சரிசெய்தாள். டாக்டர் கிரைண்டர் வயரை மிதிக்காமல் தள்ளிப் பிடிப்பதும், கேட்ட ஸ்பேனரை எடுத்துத் தருவதுமாக இருந்தார். மூன்று தரம் தப்பான ஸ்பேனரைக் கொடுத்தார்.

"பசு மாடு கேட்டா எருமைய ஓட்டிட்டு வர்றீங்களே அண்ணி."

"நீ ஒழுங்கா நம்பர் சொல்லு. 'அத எடுங்க, இத எடுங்க'ன்னா?"

இரும்புக் கையின் நுனிக்குத் தட்டு வெட்டும்போது, ஆறு ஓட்டை வட்டத்துக்கு உள்ளே இன்னொரு சின்ன வட்டத்தில் அஞ்சு ஓட்டை போட்டாள் வாலு.

"இது எதுக்கு?"

"உங்க ஆபீஸ்ல ஒரு வண்டி இருக்குன்னீங்களே, அதுக்கு எத்தன ஓட்டை?"

"அஞ்சு."

"அது வழியில படுத்துச்சுன்னா, அதோட வீல இதுல மாட்டி எடுத்துட்டுப் போலாம். போல்ட்ட மாத்திப் போட்டா போதும். இல்ல, வேற எந்த வீலாச்சும்."

(வேற எந்த வீலாச்சும். எனக்குக் கை அரிக்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். சக்கரம் சக்கரம்தான். அடுத்த வரிக்குப் போகிறேன்.)

கடைசியாக, தட்டுக்குக் கீழே கையளவு ஒரு வளைந்த இரும்புத் துண்டை வெல்டு வைத்தாள். சக்கரத்தை உருட்டிக் கொண்டுவந்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து அதன் மேல் ஏற்றிவிட்டால் அது அங்கேயே நிற்கும். ஆற அமர நட்டு போடலாம். தோளுக்கு மேல் கையைத் தூக்கவே வேண்டாம்.

டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். "தோள நீ கவனிச்சியா?"

"வேல பாக்குற எடத்துல எல்லாத்தையும்தான் கவனிக்கணும்" என்று சொல்லிவிட்டு வாலு முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

8

சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை குவாரிப் பாதை போதாது என்று வாலுவுக்குத் தோன்றியது. "மலை அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடலாம். நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி சத்தம் கேளுங்க."

செக்போஸ்ட் வந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. திருப்புவதற்கு அங்கே நல்ல அகலமான இடம் இருந்தது.

வாலு திருப்பவில்லை.

ஏன் என்று நான் அவளைக் கேட்டேன். (எழுதுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு, பதில் வரும் என்பதற்குத்தான் உத்தரவாதமில்லை.) மேலே ரோடு இன்னும் மோசம், அங்கே கொக்கி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். அது உண்மைதான். ஆனால் அவள் ஓட்டிய விதத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் தலையை நீட்டி, அடுத்தது என்ன என்று பார்த்தாள். இந்த வழியாகத்தானா? இந்தப் பாலமா? இங்கேதான் ஆக்சில் உடைந்ததா?

"அந்தக் கல்லு தெரியுதா, அதுலதான்" என்றார் டாக்டர். திருப்பச் சொல்லவில்லை.

கல்லும் ஓடையுமாக இருந்த இடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் காது கொடுத்தார்கள். ஒரு சத்தம் இல்லை. கொக்கி கொக்கியாக இருந்தது.

"அடேயப்பா" என்றார் டாக்டர். வாலு ஸ்டீயரிங்கைத் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வர, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

டாக்டர் குடியிருந்தது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறையில். அண்ணியைக் கவர்ந்து இழுத்த இடம் எப்படியும் ஒரு மாளிகை போல இருக்கும் என்று வாலு ஒரு வருடமாக மனதில் கட்டிவைத்திருந்தாள். இங்கே ஒரு கட்டில். ஒரு அடுப்பு. சேறு காயவைத்த பூட்ஸ் ஜோடிகள். பீரோவைவிடப் பெரிய ஃபிரிட்ஜ். திறந்து பார்த்தாள்; கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. உள்ளே முழுக்கத் தடுப்பூசி மருந்து. ஓரத்தில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். சந்தோஷமாக இருக்கிறவர் வீடு என்றும் சொல்ல முடியவில்லை, கஷ்டப்படுகிறவர் வீடு என்றும் சொல்ல முடியவில்லை. வேலை செய்கிறவர் வீடு. அதற்கு மேல் அந்த அறை ஒன்றும் சொல்ல மறுத்தது.

"கீழ போறதுக்குச் சாயங்காலம் ஒரு பஸ் இருக்கு" என்றார் டாக்டர், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தபடி. "அத விட்டா நாளைக்குத்தான். நானே கொண்டுவந்து விட்டுடுவேன், ஆனா மேல ஒரு பண்ணையில மாடு படுத்துக் கெடக்கு, இருட்டறதுக்குள்ள போய்ப் பாக்கணும்."

"பஸ்லயே போறேன். காலைல ஒரு கேட்டு மாட்டணும், வீட்டுக்காரங்க காத்துட்டிருப்பாங்க."

தண்ணீர் கொதித்தது. வாலு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கை விரல்களில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்தாள். பிறகு, ரேடியோவின் பின்மூடியைக் கழற்றப்போகிற சிறுமியின் துணிச்சலோடு கேட்டுவிட்டாள்.

"அண்ணி, ஏன் போனீங்க?"

டாக்டர் அடுப்பை அணைத்தார். டீத்தூள் போடவே இல்லை. திரும்பி, எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன் உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலயா?"

"உங்ககிட்டயே கேக்கச் சொன்னான்."

"அப்படியா சொன்னாரு?" அவர் முகம் மாறியது. கோபம் இல்லை. யாரோ தனக்கு வழிவிட்டதை இப்போதுதான் கவனித்தவர் முகம். "சரி. நீ நெனைக்கிற மாதிரி இல்ல, வாலு. அவரு நெனைக்கிற மாதிரியும் இல்ல. இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். அது என்னன்னா"

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

9

இதற்கு மேல் நான் எழுதியவை இரண்டு.

ஒன்றில் வாலு பஸ் ஏறிவிடுகிறாள். காலையில் கேட்டை மாட்டுகிறாள். வேலை சுத்தமாக இருக்கிறது. "நல்லா ஓடுச்சா?" என்று அண்ணன் போனில் கேட்கிறான், "ஓடுச்சு" என்கிறாள். மறுபடி அந்தக் கேள்வியை அவள் டாக்டரிடம் கேட்கவே இல்லை. அவளை எனக்குத் தெரியும். ஒரு தடவை மூடிப்போன மூடியை இரண்டாம் தடவை திறக்க ரோஷம் விடாது. இதைப் படித்த என் தங்கை எழுந்து போய்விட்டாள்.

இன்னொன்றில் தங்கிவிடுகிறாள். கேட் மாட்டக் காத்திருந்த வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள். வாலு போய் அண்ணி பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று அண்ணன் காதுக்குப் போகிறது. அவன் வருத்தப்படுகிறான், அதைச் சொல்லிக்கொள்ளவும் மாட்டான். அதெல்லாம் நடக்கட்டும் என்று அவளைத் தங்கவைத்து, டாக்டரைப் பேசவைத்தேன். மூன்று பக்கம் பேசினார். நல்ல பேச்சு. நானே இரண்டு தடவை படித்துக்கொண்டேன். தங்கை படித்துவிட்டு, "அக்கா, இது அவங்க சொன்னது இல்ல. நீ சொன்னது" என்றாள். மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.

ஆகவே டாக்டர் என்ன சொல்லவந்தார் என்பது என்னிடம் இல்லை. வாலு தங்கினால்தான் தெரியும். தங்கவைக்கிற உரிமையை நான் ஒருமுறை தப்பாகப் பயன்படுத்திவிட்டேன். இனி அது உங்களுடையது.

இடத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண்களும் ஓடிவந்து ரோட்டில் நிற்கிறார்கள். டாக்டரின் கையில் மருந்துப் பெட்டி. பண்ணைக்குப் போய்விட்டு வர எவ்வளவு நேரமானாலும் அறையைத் திறந்துகொண்டு இருக்கட்டும் என்று சாவியை வாலுவின் கையில் திணித்துவிட்டார். "போறதுன்னா போ, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்கிறார். நினைத்துக்கொள்வார். பஸ்ஸில் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வாலு பஸ்ஸையும் பார்க்கிறாள், கையில் இருக்கும் சாவியையும் பார்க்கிறாள்.

"ஏறுறீங்களா, இல்லையாம்மா?" என்று படியில் தொங்கிக்கொண்டே கேட்கிறார் கண்டக்டர்.

டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. என்னால் அவர்களை இவ்வளவு நேரம்தான் நிறுத்திவைக்க முடியும். விசில் கண்டக்டரின் உதட்டுக்குப் போய்விட்டது.

சொல்லுங்கள்.